கார்த்திகைக்கு வரும் ஆம்ப்ளிஃபயர்

தொண்ணூறுகளில் கார்த்திகை பிறந்துவிட்டால் நான் வேலை பழகிய கடை வாசலில் சபரிமலை வேன்கள் வரிசைகட்டி நிற்கும். பாட்டு இல்லாமல் எந்த வண்டியும் கிளம்பாது. "சாமி, ராத்திரி கட்டு நிறைச்சதும் கிளம்பணும், ஒரு பக்கம்தான் பாடுது" என்று டிரைவர் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிக் கொண்டுவந்து வைப்பார். மூடியைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே சான்யோவின் எல்.ஏ. 4440 ஐ.சி. இருக்கும். 14 கால்; இரண்டு சேனலாக ஓடினால் தலா 6 வாட், பிரிட்ஜ் போட்டால் 19 வாட். வேன் முழுக்கக் கேட்க அது போதும்.

அப்போது எங்களிடம் இல்லாதது தகவல். சர்க்யூட் படம் லேசில் கிடைக்காது. கடைக்கார அண்ணன் ஒரு நீள அக்கவுண்ட் நோட்டு வைத்திருந்தார். நன்றாக ஓடும் செட் ஏதாவது கைக்கு வந்தால், ஐ.சி.யின் ஒவ்வொரு காலிலும் வோல்டேஜ் அளந்து வரிசையாக அதில் எழுதிக்கொள்வார். பழுதான செட்டில் எந்தக் காலில் அளவு மாறுகிறதோ அங்கிருந்து தேடுவார். ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்த ஐ.சி.யை மாற்றி, ஈயம் வைத்து, ஹீட் சிங்கில் முறுக்கினால் பாடிவிடும். பாகத்தின் மேல் சந்தேகமே வந்ததில்லை.

இன்று நிலைமை தலைகீழ். எந்த ஐ.சி.யின் நம்பரைப் போட்டாலும் அதன் முழு விவரமும் செல்போனில் நிமிடத்தில் வந்துவிடுகிறது. அந்த நோட்டில் இருந்ததெல்லாம், அதற்கு மேலும், எல்லோர் கையிலும் இருக்கிறது. நம்பிப் போடத்தக்க பாகம்தான் கிடைப்பதில்லை. சான்யோவின் செமிகண்டக்டர் பிரிவு 2011-இல் ஆன் செமிகண்டக்டர் நிறுவனத்திடம் போய்விட்டது. ஆனாலும் பழைய பெயர் அச்சடித்த புத்தம்புதிய 4440 இன்னும் விற்பனைக்கு வருகிறது. 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடியிலும் போலிகள் ஏராளம். மெதுவாகப் பாடும்போது நன்றாக இருக்கும். வால்யூமைக் கூட்டினால் புகைந்துவிடும்.

அண்மையில் ஒரு பையன் வந்தான். "அங்கிள், இது அப்பாவோட குவாலிஸ்ல இருந்தது. வேற கடையில எல்லாம் புதுசு வாங்கிக்கச் சொல்றாங்க" என்றான். நாலு சேனல் ஆம்ப். பவர் கொடுத்ததும் சிவப்பு புரொடெக்ட் விளக்கு எரிந்தது. இந்த விளக்கைக் கண்டதும் மூடியைத் திறக்கப் பாய்வது தப்பு. முதலில் பேட்டரி வயர், எர்த், ரிமோட் வயர் மூன்றிலும் மீட்டர் வைக்க வேண்டும். எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டோ துருவோ இருந்தால் நல்ல ஆம்ப் கூடப் படுத்துக்கொள்ளும். பிறகு ஸ்பீக்கர் வயர்களையும் ஆர்.சி.ஏ. கேபிளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கழற்றியும் சிவப்பு அணையவில்லை. அப்படியானால் பழுது உள்ளேதான்.

12 வோல்ட்டை மட்டும் வைத்து 4 ஓம் ஸ்பீக்கரில் ஏறக்குறைய 20 வாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. அதனால் இந்த ரக ஆம்ப்களுக்குள் ஒரு சப்ளை உண்டு. டி.எல். 494 ஐ.சி. மாஸ்ஃபெட்டுகளை நொடிக்குப் பல்லாயிரம் முறை ஆன், ஆஃப் செய்யும்; வளையம் போன்ற டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத் தூக்கித் தரும். இந்த செட்டில் மாஸ்ஃபெட்டுகள் நன்றாக இருந்தன. ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டரில் மட்டும் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே மீட்டர் விடாமல் பீப் அடித்தது. கழற்றினேன். மைக்காத் தகட்டில் தடவியிருந்த வெள்ளை பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. ஆம்ப் சீட்டுக்கு அடியில் இருந்ததால் காற்றோட்டமும் இல்லை. சூடு வெளியேற வழியில்லாமல் செத்திருக்கிறது.

மாற்று டிரான்சிஸ்டரை இன்னொரு செத்த ஆம்பிலிருந்து எடுத்தேன். அதே காலத்துச் சரக்கு. அளந்து பார்த்து, புதிய பேஸ்ட் தடவிப் பொருத்தினேன். முதல் தடவை பவர் கொடுக்கும்போது ஃபியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை சீரிஸில் போடுவது அண்ணன் கற்றுத்தந்த வழி. உள்ளே ஷார்ட் மிச்சமிருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், கரன்ட் 2 ஆம்பியரைத் தாண்டாது, போட்ட பாகம் தப்பிக்கும். ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றிக் கொடுப்பவர்களை என்னால் மன்னிக்க முடியாது. அது ஆம்போடு நிற்காது, வண்டியையே எரித்துவிடும். பல்ப் ஒரு கணம் மின்னி மங்கியது. ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. சில மில்லிவோல்ட்தான் இருந்தது. அதற்குப் பிறகே ஸ்பீக்கரைக் கொடுத்தேன். நாலு சேனலும் பாடின.

பழைய ஆம்ப் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஓடாது என்று ஆகிவிட்டாலும் அதைக் காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். உள்ளே இருக்கும் அசல் டிரான்சிஸ்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் இன்னொரு வண்டியில் பாடும்.