தாடைக்குப் போட்ட கவசம்

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸுல பாதிப் பேரு இருமிக்கினு வர்றான்னு நீதான் சொன்னே. மாஸ்க்கால ஒரு பிரயோஜனமும் இல்லேன்னு ஆராய்ச்சியிலயே போட்டுட்டான்னும் நீதான் சொன்னே. எந்த ஆராய்ச்சிடான்னு கேட்டா போனை நீட்டுறே. கிழவன் இன்னா படிக்கப் போறான்னு நெனப்பு. உன் தங்கச்சியாண்ட குடுத்து முழுசாப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன். நீ தலைப்போட எறங்கிட்டே போலக்குது.

மருத்துவ ஆராய்ச்சிங்களை ஒண்ணாச் சேத்து அலசற காக்ரேன் அமைப்புக்காரங்க 2023 ஜனவரியில, கை கழுவறது, மாஸ்க் போடறதுன்னு 78 சோதனையை அலசினாங்க. மாஸ்க் போடச் சொன்ன கூட்டத்துக்கும் சொல்லாத கூட்டத்துக்கும் பெருசா வித்தியாசம் தெரியலேன்னு எழுதினாங்க. நீ அங்கியே விசிலடிச்சிட்டே. மார்ச்சுல அவங்க தலைமை ஆசிரியர் கார்லா சோரெஸ்-வைசர் அம்மா, "முடிவு தெளிவா இல்லே, அவ்ளோதான், மாஸ்க் வேலை செய்யாதுன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க"ன்ற மாதிரி வெளக்கம் குடுத்தாங்களே, அது உன் கண்ணுல படலியா?

போடச் சொன்னா போடறானா? 2020ல டென்மார்க்குல சோதனை பண்ணாங்க. மாஸ்க் குடுத்தவங்கள்ல பாதிப் பேரு கூடச் சொன்னபடி சரியாப் போடலே. குடுத்தவங்கள்ல நூத்துக்கு 1.8 பேருக்குக் கொரோனா, குடுக்காதவங்கள்ல 2.1. அதை வச்சி ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது. போட்டவன் அடுத்தவனுக்குப் பரப்பாம இருந்தானான்னு அவங்க பாக்கவே இல்லே. உன் பஸ்ஸுல கேள்வியே அதுதானேடா!

நீ மட்டும் ஒழுங்கா? மாஸ்க் போடலேன்னா 200 ரூபா அபராதம்னு இருந்தப்ப போலீசைப் பாத்தா மேல ஏறும், அப்பால தாடைக்கு எறங்கும். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல வச்சிக்கினு போறவன் மண்டை ஒடைஞ்சா ஹெல்மெட்டையா திட்டுவான்? 2022 ஜனவரியில மாஸ்க் அபராதத்தை 500 ஆக்குனதும் உனக்குக் கிருமி மேல பயம் ஜாஸ்தியாயிடுச்சு.

வங்காளதேசத்துல 600 கிராமத்துல பாத்தாங்களே, அதைக் கேளு. சும்மா குடுத்து, வீடு வீடா எடுத்துச் சொல்லி, சந்தையில ஞாபகப்படுத்தியும் நூத்துக்கு 13 பேரு போட்டது 42 ஆச்சு, அவ்ளோதான். அதுக்கே, காய்ச்சல் இருமலோட ரத்தத்துலயும் கொரோனான்னு தெரிஞ்சவங்க, மாஸ்க் குடுக்காத ஊர்ல 100ன்னா குடுத்த ஊர்ல 91. பெரிய மாயம் ஒண்ணும் இல்லே, ஒத்துக்கறேன். ஆஸ்பத்திரி மாஸ்க்குக்குத்தான் பலன் தெரிஞ்சுது. துணி மாஸ்க்குக்குத் தெளிவாத் தெரியலே. ஜாக்கெட் பிட்டுல உங்க பாட்டி டஜன் கணக்குல தச்சாளே, அவளாண்ட மட்டும் இதைச் சொல்லிடாதே. சோறு கெடைக்காது.

அதுலயும் ஆஸ்பத்திரி மாஸ்க் குடுத்த ஊருங்கள்ல, அறுபது தாண்டினவங்களுக்கு நோவு 100க்கு 35 கொறைஞ்சுதாம். அந்த 35 என் பங்கு. அதான் பரண் மேல நீ போட்டு வச்சிருந்த நீல மாஸ்க் டப்பாவை நான் எடுத்துக்கினேன். நாளைக்குத் திருநின்றவூர் கல்யாணத்துக்கு மின்சார ரயில்ல போவணும், கூட்டம் எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும். உனக்கு வேணும்னா ஒண்ணு தர்றேன். மூக்கு எங்க கீதுன்னு தெரியலேன்னா தங்கச்சியைக் கேளு.