காதலுக்கும் மோரிப், சமரசத்துக்கும் மோரிப்

அயர்லாந்தின் கடலோரக் கிராமத்துக்குப் போனால் காதல் கைகூடும், பிரிந்த குடும்பம் சேரும் என்று நாவல்கள் உத்தரவாதம் தருகின்றன. கிள்ளான்வாசிகளுக்கு அந்த விமானச் செலவு எதற்கு? பந்திங் வழியாகப் போனால் மோரிப் கடற்கரை. அலை சற்றுத் தள்ளித்தான் இருக்கும்; நடுவில் சேறு. அதனாலென்ன? 1945 செப்டம்பர் 9-இல், ஜப்பான் சரணடைந்த பிறகு, பிரிட்டிஷ் இந்தியப் படை இங்கேதான் ஆரவாரமாக வந்து இறங்கியது. எதிர்த்துச் சுட ஆளில்லை. வண்டிகளைச் சேறே பிடித்து வைத்துக்கொண்டது. வந்தவரை விடாத மண்! உறவுக்கு இதைவிட உகந்த இடம் உண்டா?

ஆகவே, அப்பாவின் வீட்டை விற்ற கணக்கில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பியை ஒரே வேனில் ஏற்றினோம். தனித்தனிப் பாய், தனித்தனி நாசி லெமாக் பொட்டலம். அண்ணன் கடலைப் பார்த்தார். தம்பி கைப்பேசியைப் பார்த்தார்.

மாலைக்குள் பலன் தெரிந்தது. அண்ணன் மகள், பக்கத்துப் பாய்ப் பையனோடு சேற்றில் சிரித்தபடி நடந்து வந்தாள். "யாருடா அவன்?" என்றார் அண்ணன். "நான் விசாரிக்கிறேண்ணே" என்று எழுந்தார் தம்பி.

இப்போது இருவரும் தினமும் பேசிக்கொள்கிறார்கள், அந்தக் கல்யாணத்தை எப்படி நிறுத்துவது என்று.