மஸ்டாங் வாங்கப் போகிறவர்

ஜூலைக் கடைசியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடக்கும் ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுக்குப் போனால் இவரைத் தேடி அலைய வேண்டாம். ஏதாவது ஒரு பழைய போர் விமானத்தின் முன்னால் நின்று அதை வேறு பெயரால் அழையுங்கள். திருத்துவதற்கு அவரே வந்துவிடுவார்.

வயது ஐம்பத்தெட்டு இருக்கும். தொழில் பல் மருத்துவம். உடுப்போ, கழுத்திலிருந்து தொடங்கும் நீள ஜிப் வைத்த பட்டாளத்துப் பச்சை. மார்பிலும் தோளிலும் படைப்பிரிவுச் சின்னங்கள். எந்தப் படையிலும் அவர் சேர்ந்ததில்லை. "எந்த ஸ்குவாட்ரன்?" என்று யாராவது கேட்டுவிட்டால், பக்கத்து எஞ்சின் சத்தத்தில் கேள்வி காதில் விழாது. எஞ்சின் ஓடாதபோதும் விழாது.

பழைய ராணுவ விமானத்தைச் சொந்தமாக வாங்கி ஓட்டுகிறவர்கள் அந்த நாட்டில் கணிசமாக உண்டு. விமானத்துக்கு 'வார்பேர்ட்' என்று பெயர். நம்மவர் வெகுநாள் வரை வாங்கவில்லை, வாங்கப் போகிறவர். அந்தப் பதவியை அவர் பல வருஷம் வகித்தார். வாங்கியவன் ஒரே ஒரு விமானத்தோடு மாட்டிக்கொள்கிறான். வாங்கப் போகிறவனுக்கு எல்லாமே சொந்தம். நம்மவர் விவரமானவர் என்றுதான் எனக்குப் படுகிறது.

முதல் மோகம் பி-51 மஸ்டாங். 15,000க்கு மேல் செய்து தள்ளிய விமானம் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மிச்சமிருந்ததில் பெரும்பகுதியை வேண்டாத சாமானாகக் கழித்துக்கட்டினார்கள். 1957இல் டெக்ஸாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் லாயிட் நோலன் என்பவரும் நண்பர்கள் நால்வரும் பணம் போட்டு ஒரு மஸ்டாங்கை 2,500 டாலருக்கு வாங்கினார்கள். அடுத்த வருஷம் கிரம்மன் பேர்கேட் போர் விமானம் இரண்டு, தலா 805 டாலர். இந்த 805 டாலரைச் சொல்லும்போது நம்மவருக்குக் குரல் தழுதழுக்கும். அதே வருஷம் தம் அப்பா கையிலிருந்த காசைக் கொண்டுபோய் ஒரு வாஷிங் மெஷினில் கொட்டியதை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் பிறப்பதற்கு முன்பு நடந்த சங்கதி அது. இருந்தாலும் பிள்ளையின் எதிர்காலத்தை யோசிக்க வேண்டாமா?

இன்று பறக்கும் நிலையில் உள்ள மஸ்டாங்குக்கு இருபது லட்சம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள். நடிகர் டாம் குரூஸ் ஒன்று வைத்திருக்கிறார். 'டாப் கன்: மேவரிக்' படத்தில் வருவது அதுதான். பல் பிடுங்கிச் சேர்க்கக்கூடிய தொகை அல்ல அது என்று நம்மவருக்குத் தெரியும். எத்தனை பல் என்று ஒருமுறை காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் ஊரில் அத்தனை வாய் இல்லை. வாங்கினாலும் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். 27 லிட்டர் மெர்லின் எஞ்சின் மணிக்கு 60 கேலன் பெட்ரோல் குடிக்கும்.

பணம் ஒரு பக்கம் கிடக்கட்டும். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் என்று ஒருவர் இருக்கிறாரே.

"டி-6 பயிற்சி விமானம் எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கிறீர்கள், டாக்டர்?"

"ஓட்டியதில்லை. ஆனால் நிறையப் படித்திருக்கிறேன்."

"படித்துவிட்டு மட்டும் வந்தவரிடம் நீங்கள் வாயைத் திறந்து காட்டுவீர்களா?"

"பத்தொன்பது வயசுப் பையன்களே மஸ்டாங் ஓட்டினார்களே!" என்பார் நம்மவர். ஏஜெண்ட் இதற்காகவே காத்திருப்பார். போர்க்காலத்தில் அமெரிக்க மண்ணிலேயே, எதிரியின் முகத்தைக்கூடப் பார்க்காமல், விமான விபத்துகளில் செத்த ராணுவ விமானப்படையினர் ஏறத்தாழ 15,000 பேர். மஸ்டாங்கில் இறங்க வந்தவன் கடைசி நொடியில் மனம் மாறி த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளினால், எஞ்சின் புரொப்பெல்லரை வலப்பக்கம் சுழற்றுகிற வேகத்துக்கு விமானமே இடப்பக்கம் மல்லாந்துவிடும். பையன்களுக்கு பிரீமியம் கட்ட சர்க்கார் இருந்தது.

சரி, முதலில் டி-6 டெக்ஸன். அந்தப் பையன்கள் பயின்ற விமானம். 600 குதிரைத்திறன், வட்டமாக அடுக்கிய ஒன்பது சிலிண்டர். ஜப்பானிய ஜீரோ விமானமாக வேஷம் கட்டி 1970இல் 'டோரா! டோரா! டோரா!' படத்தில் நடித்ததும் இதுவே. நிறுத்திய இடமெல்லாம் எண்ணெய் சொட்டும். சொட்டுவது நின்றால்தான் கவலைப்பட வேண்டும், உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இறங்கி ஓடும்போது கொஞ்சம் அசந்தால் வால் முன்னால் வந்துவிடும். இறக்கை நுனி தரையை உழும். 'கிரவுண்ட் லூப்' என்பார்கள். அவர் ஊர் விமான நிலையத்தில் டி-6 ஓட்டும் பெரியவர்கள் எல்லாரிடமும் இப்படி ஒரு கதை இருக்கிறது. எல்லாக் கதையிலும் குற்றவாளி காற்று.

பிறகு சீனத்து சிஜே-6. விலை சல்லிசு. எஞ்சின் கிளப்புவது, பிரேக், சக்கரம் மடக்குவது எல்லாம் அழுத்தக் காற்றில். இதற்கு அமெரிக்க விமானப்படைச் சின்னம் பூசி ஓட்டுகிறவர்கள் உண்டு. அது பித்தலாட்டம் என்று நம்மவர் சீறுவார். பையில் பெயிண்ட் நிற அட்டை மட்டும் தயாராக இருக்கும். நடுவில் எல்-39 என்ற செக்கோஸ்லோவாக்கிய ஜெட்டின் மீதும் ஜுரம் வந்தது. ஆபத்தில் ஓட்டியை வெளியே தூக்கியெறியும் நாற்காலி அதில் உண்டு என்றும், அதற்கு அடியில் வெடிமருந்து இருக்கும் என்றும் சாப்பாட்டு மேஜையில் பெருமையாகச் சொன்னார். ஜுரம் அன்றைக்கே இறங்கியது.

மனைவி இந்த விஷயத்தில் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஒரே கேள்விதான். "நான் எங்கே உட்காருவது?" மஸ்டாங்கில் ஓட்டியின் பின்னால், போர்க்காலத்தில் 85 கேலன் பெட்ரோல் தொட்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்ன ஸீட் போடுகிறார்கள் என்று விளக்கினார். "தொட்டி இருந்த இடத்தில் நானா?" என்றார் அம்மணி. அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

கடைசியில் அவர் வாங்கியது எல்-4 கிராஸ்ஹாப்பர். பட்டாளத்துப் பச்சை பூசிய பைப்பர் கப்தான். 65 குதிரைத்திறன், மணிக்கு நாலைந்து கேலன். புரொப்பெல்லரைக் கையால் சுண்டிக் கிளப்ப வேண்டும். பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்லப் போர்க்காலத்தில் இதை வைத்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் கார்கள் இதை முந்திக்கொண்டு போகும்.

வாங்கின மறுநாளிலிருந்து மஸ்டாங் என்பது அவருக்குப் பகட்டுக்காரர்கள் சமாச்சாரம். கொட்டகைக்கு வருகிறவர்களை உட்காரவைத்துச் சரித்திரம் சொல்கிறார். 1945 ஏப்ரலில் ஜெர்மனிமீது ஒரு எல்-4இல் போன இரண்டு பேர், கைத்துப்பாக்கியால் சுட்டே ஒரு ஜெர்மன் உளவு விமானத்தைத் தரையிறக்கினார்கள். இல்லினாய் மாநிலத்து வரலாற்று வாத்தியார் சார்லஸ் கார்ப்பென்டர் 1944இல் பிரான்சில் தம் எல்-4இன் இறக்கைக்கு அடியில் பஸூக்கா என்ற ராக்கெட் குழல்களைக் கட்டிக்கொண்டு டாங்கிகளை வேட்டையாடினார். இரண்டும் நடந்த கதைதான். சொல்லும்போது நம்மவர் கை தானாகத் துப்பாக்கி பிடிக்கும்.

"அழகான பைப்பர் கப்" என்று யாராவது பாராட்டினால் முகம் சுண்டிப்போகிறது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். இறக்கைக்குக் கீழே பக்கத்துக்கு மூன்றாகக் கட்ட ஆறு பொம்மை பஸூக்காவுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். பாரம் கூடினால் பின் ஸீட்டில் ஆள் ஏற முடியாதே என்று மெக்கானிக் கேட்டார். மனைவியிடம் அதை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று நம்மவர் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்.