கச்சானுக்கு ஒரு நேர்த்தி

வன்னியில் கச்சான் இல்லாமல் ஒரு திருவிழாவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான், வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன். இரண்டு இடத்திலும் பூசை தொடங்க முந்தியே கச்சான்காரர் வந்து வீதியோரம் இடம் பிடித்துவிடுவார்கள். கோயிலுக்குப் போய்வந்தவர் திருநீற்றை மறந்தால் ஊர் மன்னிக்கும். கச்சானை மறந்தால், போனதையே நம்பாது.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், தாண்டிக்குளம் கடந்து வரக்கூடாத பொருட்களுக்கு அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் என்று அது நீளும். கச்சானை யாராலும் மறிக்க முடியவில்லை. அது விசுவமட்டிலும் உடையார்கட்டிலும் எங்கள் மண்ணிலேயே விளைந்தது. ஆகவே எல்லாவற்றுக்கும் கச்சான் தின்றோம். பசிக்கு அவித்த கச்சான், விருந்தாளிக்கு வறுத்த கச்சான், கொண்டாட்டத்துக்குக் கச்சான் அல்வா. பால்மா கிடைக்காத கைக்குழந்தைகளுக்கு எங்கள் ஆச்சி கச்சானை மாவாக இடித்துக் கஞ்சியில் கரைத்து ஊட்டுவா. பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்பதற்கு வேறு ஏதாவது வீட்டில் இருக்க வேண்டுமே.

இப்போது பட்டியல் போடுவது என் தங்கை. கிளிநொச்சியில் அவளுடைய வீட்டுப் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது: கச்சான், கச்சான் அல்வா, மிக்சர், கச்சான் சேர்ந்த சத்துமா, ‘என்ன போட்டது என்று தெரியாத எதுவும்’. வீட்டுக்கு வருகிறவர்களின் பையை அவள் சோதிப்பதைப் பார்த்தால் பழைய சோதனைச்சாவடிச் சிப்பாய்களே எழுந்து நின்று சலாம் போடுவார்கள். மகனுக்கு ஏழு வயது. அயல்வீட்டுப் பிறந்தநாளில் யாரோ அன்பாக வாயில் வைத்த ஒரு துண்டு இனிப்பு. கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடிப்பு, சத்தி, பிறகு இழுப்பு. ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் போட்டு ஆளை மீட்டார்கள். கச்சானில் உள்ள புரதத்தை உடம்பு பகையாளி என்று பிழையாக விளங்கிக்கொண்டு, அதை அடிக்கிறேன் என்று தன்னையே போட்டு அடிக்கிறது என்று டொக்டர் விளக்கினார். பகையாளி என்று பிழையாக விளங்கி அடிப்பதைப் பற்றி வன்னி ஆட்களுக்கு ஒருவர் விளக்க வேண்டியிருந்ததே பெரிய வேடிக்கை.

விளக்கியும் சொந்தக்காரருக்கு ஏறவில்லை.

“கண்டறியாத வருத்தம்” என்றார் பெரியப்பா. “எங்கட காலத்தில உதெல்லாம் இருந்ததே?”

இருந்திருக்கும். அந்தக் காலத்தில் பிள்ளைகள் செத்துப்போக எத்தனையோ காரணங்கள் இருந்தன. இதை மட்டும் தனியாக எடுத்து எண்ண ஆருக்கு நேரம்?

எதையும் நம்பாத ஊர் என்றால் பரவாயில்லை. சிலாவத்தைக் கடலில் உப்புத்தண்ணீர் எடுத்துவந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அதில் விளக்கெரித்து, அதன் பிறகுதான் வற்றாப்பளையில் பொங்குகிறோம். கடல்நீரில் திரி எரியும் என்பதில் பெரியப்பாவுக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. ஒரு கச்சான் கொட்டையில் பிள்ளையின் உதடு வீங்கும் என்றால் மட்டும் அவருக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் காட்ட அவர் கண்ட வழி, “இதில ஒண்டு குடுத்துப் பாப்பமே” என்பது.

ஆடி மாதம் கனடாவிலிருந்து வந்த சின்ன மாமா இன்னும் ஒரு படி மேல். ஒன்ராறியோவில் சப்ரினா ஷனன் என்ற 13 வயதுப் பிள்ளை, பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சாப்பிட்டதற்குப் பிறகு 2003இல் பால் ஒவ்வாமையால் இறந்துபோனது. அதன் பெயரிலேயே சட்டம் வந்து 2006இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கடும் ஒவ்வாமையுள்ள பிள்ளைகளை எப்படிப் பாதுகாப்பது என்று அங்கே ஒவ்வொரு பள்ளிக்கூடச் சபையும் திட்டம் வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஸ்காபரோவில் தன் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு கொட்டை போகவிடாமல் வளர்த்தவர். அதே மாமா எங்களுக்குக் கொண்டுவந்தது ஒரு சூட்கேஸ் நிறையக் கொட்டை போட்ட சொக்லேற். “இஞ்சத்த பிள்ளையளுக்கு உது வராது” என்றார். இந்த வருத்தத்துக்கும் விசா வேண்டும் என்று நினைத்திருக்கிறார் போல.

இதற்குள் பெரியம்மா ஒரு செய்தி பிடித்துக்கொண்டா. கைக்குழந்தைகளுக்குக் கச்சான் கொடுத்தால் நல்லதாம், வெள்ளைக்காரனே சொல்லிவிட்டானாம். செய்தி உண்மைதான். 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், ஒவ்வாமை வரக்கூடிய பிள்ளைகளுக்கு மூன்று வயதுவரை கச்சான் காட்டவேண்டாம் என்றார்கள். 2008இல் அதைக் கைவிட்டார்கள். 2015இல் லண்டனில் 640 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. எல்லாரும் ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ளவர்கள். முதல் வயதிலேயே தொடங்கி ஒழுங்காகக் கச்சான் தின்ற குழந்தைகளில் ஐந்து வயதில் நூற்றுக்கு 3 பேருக்கே ஒவ்வாமை இருந்தது, தின்னாதவர்களில் 17 பேருக்கு. ஆச்சியின் கச்சான் கஞ்சி சும்மா இல்லை. ஆச்சி உயிரோடு இருந்திருந்தால் லண்டனுக்கு ஒரு சுண்டு கச்சான்மா அனுப்பியிருப்பா.

ஆனால் அந்த ஆய்வு ஒவ்வாமை வராமல் காப்பதைப் பற்றியது. வந்துவிட்ட பிள்ளைக்கு வாயில் திணிப்பதைப் பற்றி அல்ல. பெரியம்மா செய்தியின் முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, “கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தாப் பழகியிடும்” என்று புறப்பட்டா. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிற சிகிச்சையும் உண்டு. அது டொக்டர் பக்கத்தில் நிற்க, மில்லிகிராம் கணக்கில் நடப்பது, அடுப்படியில் அல்ல.

கடைசியில் வழி கண்டது அம்மா. தைப்பொங்கலுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, வாசலிலேயே அறிவித்துவிட்டா:

“பிள்ளை அம்மாளாச்சிக்குக் கச்சான் விட்டிருக்கு. நேர்த்தி.”

வீடே மாறிவிட்டது. தட்டத்தில் இருந்த கச்சான் அல்வா எங்கே போனதென்று தெரியவில்லை. பெரியம்மா அகப்பையைப் புளி போட்டுத் தேய்த்தா, கையைக் கழுவினா, திரும்பவும் கழுவினா. “கஜுவும் ஆகாதோ?” என்று தானாகவே கேட்டா. “கொட்டை ஒண்டும் ஆகாது” என்றா அம்மா, வந்த இடத்தில் கிடைத்ததை விடாமல். “நேர்த்தியோ, முந்தியே சொல்லியிருக்கலாமே” என்று பெரியப்பா கோபித்துக்கொண்டார். டொக்டரின் துண்டைக் கண்ணாடி போட்டும் வாசிக்காத மனிசன்.

யோசித்துப் பார்த்தால் எங்களுக்குத் தெரியாத வித்தை இதில் ஒன்றுமே இல்லை. மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக்கறி. அம்மாள் வருத்தம் வந்த வீட்டில் தாளிப்பே இல்லை. கிரந்தி என்று இறாலையும் நண்டையும் கத்தரிக்காயையும் தள்ளிவைக்கத் தெரியும். சலரோகக்காரருக்குச் சீனி போடாத தேத்தண்ணி கேளாமலே வரும். கந்தசஷ்டி விரதகாரர் நாலு பேர் இருந்தால் நாலு விதமாகச் சமைப்போம். கடவுளுக்காக ஊரையே பட்டினி போடவும் தயங்காதவர்கள், ஒரு பிள்ளைக்காக ஒரு கொட்டையை எடுத்துவைக்கச் சொன்னால் மட்டும் ஆராய்ச்சி கேட்கிறோம்.

அன்றைக்குப் பொங்கிய பானையில் கஜுவும் இல்லை, பிளம்ஸும் இல்லை. பெரியம்மா பக்தியில் பிளம்ஸையும் சேர்த்தே விலக்கிவிட்டா. பச்சையரிசி, வறுத்த பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பால், ஏலக்காய். தடைக்காலத்தில் இல்லாமையால் நாங்கள் பொங்கிய அதே பொங்கல். முந்தின வருசம் மருமகன் ஒரு பிஸ்கற் பைக்கற்றோடு திண்ணை மூலையில் இருந்தான். அவனுக்கென்று தனியாகக் கவனித்ததாக எல்லாரும் பெருமைப்பட்டோம். இந்த முறை மச்சான் மச்சாளோடு வரிசையில் இருந்து ஒரே பானையில் தின்றான், மூன்றாம் தரம் வேண்டுமென்று சண்டையும் பிடித்தான்.

நேர்த்தி எல்லா இடத்திலும் காப்பாற்றாது என்பது வற்றாப்பளையில் தெரிந்தது. நேர்த்திக்காரப் பிள்ளை என்று உருகிப்போன கச்சான்காரி, அவனுக்குக் காசு வாங்காமல் ஒரு சுருள் வறுத்த கடலை கொடுத்தா. கச்சான் வறுத்த அதே தாச்சி, அதே மணல். தங்கை பாய்ந்து பறித்தாள். கச்சான்காரியின் முகம் கறுத்துவிட்டது. விரதம் பொருளைத்தான் விலக்கும், தாச்சியில் கிடக்கிற தூள் அதன் கணக்கில் வராது. தங்கை அந்த மனிசிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஆஸ்பத்திரிக் கதை முழுவதையும் சொன்னாள். கேட்டுவிட்டு அவ, “இதை முதலே சொல்லுறதுக்கென்ன பிள்ளை, அம்மாளாச்சியை ஏன் இழுத்தனீ?” என்றா. சொந்தக்காரருக்கு வெளியே இதே உண்மையை முன்பு தங்கை நேராகச் சொன்ன ஒரே ஆள் அவனுடைய வகுப்பு ரீச்சர். வாணிவிழா அவலில் கச்சானுக்குப் பதில் தேங்காய்ச் சொட்டுப் போடச் சொல்லிவிட்டு ரீச்சர் தன் வேலையைப் பார்த்தா. யாரும் குறை சொல்லவில்லை. யாரும் கவனிக்கவேயில்லை.

பெரியம்மா மட்டும் காணும்போதெல்லாம் “நேர்த்தி எப்ப முடியுது?” என்று கேட்கிறா. முடிக்கிற அன்றைக்கு வடை மாலை சாத்தத் தயாராக இருக்கிறாவாம்.

போன கிழமை தங்கையின் வீட்டுக்குப் பின்வளவுப் பெண் வந்தாள். தன்னுடைய சின்னவளுக்குக் கேக் தின்றால் உடம்பெல்லாம் தடிக்கிறதாம், மாமியார் நம்பமாட்டாவாம். தங்கை எந்த நாள் கிளினிக், எந்த டொக்டர், எந்தத் துண்டு கொண்டுபோக வேண்டும் என்றெல்லாம் விபரமாகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, போகிற நேரம் படலையில் நின்று அவள் மெதுவாகக் கேட்டாள்:

“அது சரி அக்கா, முட்டைக்கும் அம்மாளாச்சியிட்டயே நேர்த்தி வைக்கிறது?”