கேளுங்க, சொல்றோம்: பெரிய காஞ்சிபுரம்

கே: பெரிய காஞ்சி எங்கே முடிகிறது, சின்ன காஞ்சி எங்கே ஆரம்பிக்கிறது? (வாசகி, வாலாஜாபாத்)

ப: சிவன் பக்கம் பெரியது, வரதராஜர் பக்கம் சின்னது என்பார்கள். ஆனால் உலகளந்த பெருமாளே பெரிய காஞ்சியில்தான் நிற்கிறார். எல்லைத் தகராறு என்றால் அவரிடமே அளந்து தரச் சொல்லுங்கள்.

கே: ஏகாம்பரநாதர் லிங்கத்துக்கு அபிஷேகம் ஏன் செய்வதில்லை? (வாசகர், செய்யாறு)

ப: அது மணல் லிங்கம். தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று கடற்கரையில் வீடு கட்டிய குழந்தையைக் கேளுங்கள். அபிஷேகமெல்லாம் ஆவுடையாருக்குத்தான். வாசலில் 192 அடிக்கு நிற்கும் ராஜகோபுரம் 1509-இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. அது எத்தனை மழையையும் தாங்கும்!

கே: இந்த ஊர்ச் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சந்நிதி இல்லையாமே? (வாசகி, அரக்கோணம்)

ப: ஊருக்கெல்லாம் காமாட்சி ஒருத்தியே போதும் என்பது மரபு. சிவன்களும் மறுபேச்சுப் பேசவில்லை.

கே: கைலாசநாதர் கோயில் குறுகல் வழியில் தவழ்ந்து சுற்றினால் மறுபிறவி கிடையாதா? (வாசகர், உத்திரமேரூர்)

ப: மறுபிறவிக்கு நான் பொறுப்பில்லை. தொப்பை இருந்தால் இந்தப் பிறவியிலேயே சிக்கல்.

கே: எதிரியே பாராட்டிய கோயில் என்கிறார்களே, நிஜமா? (மாணவர், பிள்ளையார்பாளையம்)

ப: நிஜம்தான். அதே கைலாசநாதர் கோயில். ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. 8-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். ஆனால் ஊரைச் சூறையாடவில்லை. கோயிலின் செல்வத்தையும் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இன்றும் அங்கே ஒரு தூணில் இருக்கிறது. வென்றவன் கணக்கு ஒப்படைத்துவிட்டுப் போன அதிசயம்!

கே: என் மகன் ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறான். அந்த ஊருக்கும் நம்ம ஊருக்கும் சம்பந்தம் உண்டா? (வாசகர், சர்வதீர்த்தக் குளம் அருகே)

ப: பழைய பகையே உண்டு! 1780 செப்டம்பர் 10-இல், பக்கத்துப் புள்ளலூரில் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் பெய்லி படையை ஹைதர் அலியும் திப்புவும் நொறுக்கினார்கள். அப்போது காஞ்சிபுரத்தில் கம்பெனியின் பெரும்படையோடு இருந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஹெக்டர் மன்ரோ. கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். மறுவருஷம் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஸ்காட்லாந்தின் எவன்டன் கிராமத்துக்கு மேலே ஃபைரிஷ் குன்றில் இவர் எழுப்பிய கல் வளைவுகள் நாகப்பட்டினக் கோட்டை வாசலின் சாயல் என்கிறார்கள். காஞ்சிபுரத்துக்கு மட்டும் அங்கே கல் இல்லை. ஓடிவந்த ஊருக்கு யார் வளைவு வைப்பார்கள்? மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றேறச் சொல்லுங்கள்.

கே: கோர்வைப் புடவை ஏன் அவ்வளவு விலை? (வாசகி, தாம்பரம்)

ப: உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நெய்யும்போதே மூன்று நாடா ஓட்டி இரண்டையும் இழைக்கு இழை பின்ன வேண்டும். தறியில் நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு கையும் வேண்டும். நீங்கள் பேரம் பேசுவது இரண்டு பேர் கூலியில்.

கே: ஒரே நாள்தான் இருக்கிறது. எதை முதலில் பார்க்க? (வாசகர், கோவை)

ப: காலையிலேயே கைலாசநாதர். அது மணற்கல், 1,300 வருஷ வெயிலும் மழையும் ஏற்கெனவே அரித்துவிட்டன. தயவுசெய்து உங்கள் பெயரையும் காதலி பெயரையும் அதில் கீறாதீர்கள்.