மீதியும் கொசுறும்: பழவேற்காட்டுக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

டிப்ஸ் பற்றி இந்த ஆய்வாளர் கண்ணில் பட்ட நூல்களும் கட்டுரைகளும் எல்லாமே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எழுதியவை. மீன் அங்காடியின் ஈரத்தரையில், வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்று எழுதிய ஆய்வு ஒன்றுகூட அகப்படவில்லை. துறையில் உள்ள இந்தப் பெரும் பள்ளத்தை நிரப்ப, சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள பழவேற்காடு தேர்வு செய்யப்பட்டது. தேர்வுக்கு முதற்காரணம் அறிவியல். இரண்டாம் காரணம் இறால்.

எல்லையை முதலிலேயே வகுத்துவிடுவது ஆய்வு மரபு. பூநாரை பார்க்கப் போகிறவர்கள் படகுக்காரருக்குக் கொடுக்கும் காசு இந்த ஆய்வில் சேராது. 2011 டிசம்பரில் 22 உயிர்களைக் கொண்டுபோன படகு விபத்துக்குப் பிறகு அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அதில் வேடிக்கைக்கு இடமில்லை. ஆகவே ஆய்வு கரையோடு நின்றுகொள்கிறது.

இத்துறையில் செல்வாக்கோடு இருக்கும் கொள்கை எளிமையானது: நல்ல சேவைக்கு நல்ல டிப்ஸ். இந்தக் கொள்கை பிழை. அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தந்தாக வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்தியச் சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அது நகரவேயில்லை. அங்கே டிப்ஸ் என்பது முதலாளி கொடுக்காமல் விட்ட சம்பளம். சேவை நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேசையில் வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஜப்பானில் கொடுத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள் என்கிறார்கள். சேவை அங்கே மோசம் என்று யாரும் சொன்னதில்லை.

கொள்கையை முழுசாகக் கவிழ்க்கும் இடம் சூதாட்ட விடுதி. லாஸ் வேகாசிலோ கோவாவில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் கப்பல்களிலோ, ஜெயித்தவர் சீட்டுப் போடுகிறவர் பக்கம் ஒரு வில்லையைத் தள்ளிவிடுவார். அந்த ஆள் என்ன செய்தார்? சீட்டைப் போட்டார். தோற்றவருக்கும் அதே கையால், அதே வேகத்தில்தான் போட்டார். ஜெயித்தவருக்கு அவர் உண்மையிலேயே ஏதாவது உதவி செய்திருந்தால் இரண்டு பேரும் சிறையில் இருப்பார்கள். மேசையை விட்டு விலகும்போது அவர் இரண்டு கையையும் தட்டி விரித்துக் காட்டுவது, கைக்குள் ஒன்றும் இல்லை என்று மேலே இருக்கும் கேமராவுக்குத் தெரிவிக்கத்தான். சேவையே செய்யக் கூடாத இடத்தில் ஒருவருக்கு டிப்ஸ் கிடைக்கிறது என்றால், டிப்ஸுக்கும் சேவைக்கும் சம்பந்தம் இல்லை. அது அதிர்ஷ்டத்தின் மேல் போடப்படும் வரி. வரியை விதிப்பதும் கட்டுவதும் ஒரே ஆள் என்பதுதான் விசேஷம்.

இந்தக் கருதுகோளைச் சோதிக்கத் தமிழ்நாட்டில் சூதாட்ட விடுதி கிடையாது. ஆனால் பழவேற்காட்டில் பாடு உண்டு; அதாவது, வலை கட்டும் இடத்தை முறை வைத்துப் பகிரும் ஏற்பாடு. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் வழியாகத்தான் நீரோட்டத்தோடு இறால் உள்ளே வருகிறது. அதனால் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் வலை கட்டினால் வரும்படி; தள்ளிக் கட்டினால் காத்திருப்பு. நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே போகக் கூடாதென்று, பட்டினவர் எனும் மீனவர் சமூகத்தின் ஊர்களில் தலைக்கட்டு உரிமை உள்ளவர்களுக்குள் சீட்டுக் குலுக்கியும் முறை வைத்தும் இடத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்றைக்கு நல்ல பாடு கிடைத்தவர் அடுத்த முறை வெறும் தண்ணீரில் நிற்கலாம். மாண்டவிக் கப்பல்களுக்கு எத்தனையோ தலைமுறை முந்திய ஏற்பாடு. இதில் விடுதிக்காரர் பங்கு என்று எதுவும் கிடையாது. முகத்துவாரத்தில் மண் தூர்ந்து வாய் அடைத்துக்கொண்டால் மட்டும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோல்வி.

குலுக்கலில் வென்ற ஏரி மீன் கரைக்கு வந்த பிறகு நடப்பதைக் கவனிக்க வேண்டும். படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிவது கணக்கு. அது டிப்ஸ் அல்ல. ஆனால் நல்ல பாடு அடித்த நாளில், வலையில் சும்மா ஒரு கை வைத்தவருக்கும், கூடையைப் பிடித்தவருக்கும், பிடிப்பது போல் நின்றவருக்கும் “குழம்புக்கு” என்று ஒரு கை மீன் போகிறது. பாடு அடிக்காத நாளில் அதே ஆள் அதே மாதிரி வலையில் கை வைத்தால் ஒன்றும் வராது; அவரும் கேட்கமாட்டார். செய்த வேலை இரண்டு நாளும் ஒன்றே. மாறியது அதிர்ஷ்டம் மட்டுமே. கருதுகோள் நிரூபணமாயிற்று என்று இங்கேயே கட்டுரையை முடித்திருக்கலாம். ஆய்வாளர் மீன் வாங்க வேண்டியிருந்ததால் தொடர்கிறது.

மீன் ஆய்ந்து தரும் பெண்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையே இவ்வாய்வின் களம். செதில் சீவி, குடல் எடுத்து, துண்டு போட்டுத் தருவதற்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. அதற்கு மேல் கொடுப்பதே டிப்ஸ். மேல்காசு துண்டின் நேர்த்தியைப் பார்த்து வருவதில்லை; பத்தடி தள்ளி மீன் விற்றவரிடம் வாங்கியவர் எப்படிப் பேரம் பேசினார் என்பதைப் பார்த்து வருகிறது. கொடுவாயை மலிவாக அடித்துவிட்டோம் என்று நம்புகிறவர் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுக்கிறார். ஏமாந்துவிட்டோமோ என்று மனசுக்குள் அரித்துக்கொண்டிருப்பவர் கூலியிலேயே ஐந்து ரூபாய் குறைக்கப் பார்க்கிறார். ஏமாற்றியதாகச் சந்தேகப்படுவது ஒருவரை, தண்டிப்பது இன்னொருவரை. நீதித்துறை இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த உண்மை ஆய்வாளருக்கு முன்பே அரிவாள்மனைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியும். பையை வாங்கித் திறந்ததும் அந்த அம்மாள் கேட்கும் முதல் கேள்வி, “இன்னா ரேட்டுக்குக் குடுத்தாங்க தம்பி?” நீங்கள் எந்தத் தொகையைச் சொன்னாலும் புருவம் லேசாக ஏறும். “பரவால்லியே. இந்த ரேட்டுக்கு இப்ப ஏது?” அவ்வளவுதான். தோற்றவனும் அந்த நொடியில் ஜெயித்தவன் ஆகிறான். சூதாட்ட விடுதியில் வெளிச்சமும் மணியோசையும் செய்து முடிக்கும் வேலையை இங்கே ஒரு புருவம் செய்கிறது.

பணம் எதிர்த்திசையிலும் ஓடும் என்பதை மேல்நாட்டு ஆய்வுகள் கண்டுகொள்வதில்லை. இங்கே விற்பவர் வாங்குகிறவருக்கும் டிப்ஸ் கொடுக்கிறார்; அதுதான் கொசுறு. எடை போட்டு, பையில் கொட்டி, காசு பேசி முடித்த பிறகு இரண்டு இறால் தனியாக வந்து விழும். தராசிலிருந்து இறங்கிய பிறகே விழும் என்பதுதான் இதில் நுட்பம். தராசில் ஏறினால் அது எடை. யாரும் நன்றி சொல்லமாட்டார்கள். ஓட்டல்காரர்கள் இந்த நுட்பம் தெரியாமல் சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே ஏற்றினார்கள். 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்றது. ஓட்டல்காரர்கள் வழக்குப் போட, 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கமே நின்றது. இரண்டு இறாலை எப்போது போடுவது என்று ஒரு மீன்கார அம்மாளைக் கேட்டிருந்தால் வக்கீல் செலவு மிச்சம்.

வரலாற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்காவிட்டால் கட்டுரைக்கு மதிப்பெண் கிடைக்காது. 1610-ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்று டச்சுக்காரர்கள் இங்கே வணிகத்துக்கு வந்தார்கள். 1613-ல் கெல்டிரியா கோட்டை. அக்காலத்தில் கும்பினிக்காரர் எவரும் அரண்மனைக்கு வெறுங்கையோடு போனதில்லை. ஆனால் காரியம் நடப்பதற்கு முன்னால் கொடுப்பது வேறு இனம். அதற்குத் தனித் துறையும் தனிச் சட்டமும் உள்ளன. தொல்லியல் துறை பாதுகாக்கும் டச்சுக் கல்லறையின் வாசலில் செதுக்கி வைத்த எலும்புக்கூடுகள் இரண்டு நிற்கின்றன. பழவேற்காட்டில் வாசலில் நின்று வரவேற்று, திரும்பும்போது முகத்தைப் பார்க்காதவர்கள் அந்த இருவரே.

டிப்ஸ் நாகரிகத்தின் ஆதாரமே மீதிச் சில்லறை. நூறு ரூபாயை நீட்டி, “மீதிய வெச்சுக்கங்க” என்று காற்றில் கையை வீசுவதில் ஒரு ஜமீன்தார்த்தனம் இருந்தது. யுபிஐ 2016-ல் வந்தது, மீதி செத்தது. இப்போது எண்பத்தைந்து என்றால் எண்பத்தைந்தே போகும். பத்தைச் சேர்த்து அனுப்பினாலும் சுகம் இல்லை. டிப்ஸ் என்பது மடித்த நோட்டாக உள்ளங்கையிலிருந்து உள்ளங்கைக்கு, யாரும் பார்க்காததுபோல் எல்லாரும் பார்க்கும்படி போக வேண்டியது. யுபிஐ ஒலிப்பெட்டியோ வந்த தொகையை ஊருக்கே கூவுகிறது. கஞ்சனுக்கும் வள்ளலுக்கும் அதே குரல். முன்னால் நிற்பவர் பெட்டியைத் தொண்ணூற்றைந்து என்று கூவவைத்துவிட்டால், பின்னால் நிற்பவருக்கு எண்பத்தைந்து ரூபாய் அனுப்பக் கை வராது.

விளிச்சொல் பற்றிய எங்கள் கண்டுபிடிப்பு ஒன்று மீதமிருக்கிறது. “தம்பி” என்று அழைக்கப்பட்டால் எதிர்பார்ப்பு குறைவு. “அண்ணா” என்றால் நடுத்தரம். “சார்” என்றால் நூறு ரூபாய்த் தாளை எடுத்து வைத்துக்கொள்ளலாம். விவரமான வாடிக்கையாளர்கள் இதற்கு எதிர்மருந்து கண்டிருக்கிறார்கள்: மீன் ஆய்பவர் வாயைத் திறப்பதற்கு முன் நாமே “அக்கா” என்று உறவைத் தொடங்கிவிடுவது. சொந்தக்காரருக்கு யாராவது டிப்ஸ் கொடுப்பார்களா? மிகச் சிக்கனமான இந்த உத்தியை ஆய்வாளர் நேரடியாகவே சோதித்தார். மடவை ஆய்ந்து முடிந்தது. கூலியை எண்ணி வைத்து, “வரேன்க்கா” என்று எழுந்தார். அந்த அம்மாள் அரிவாள்மனையைக் கழுவிக்கொண்டே, “அக்கான்னுட்ட. அப்ப தம்பி சீரு எங்க?” என்றார்.

பக்கத்தில் ஆய்ந்துகொண்டிருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். ஐம்பது ரூபாய்.