மாயாவிக்கு என்ன விலை?

கேள்வி: பழைய முத்து காமிக்ஸ் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்களே, காகிதத்துக்கா இத்தனை காசு?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: காகிதத்துக்கு அல்ல, கிழித்தவர்களின் கைங்கரியத்துக்கு! 1972-ல் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் புறப்பட்டபோது, அதைப் பத்திரப்படுத்தப் பலருக்குத் தோன்றவில்லை. பாதி எடைக்குப் போனது; மீதி கைமாறிக் கைமாறிக் கந்தலானது. மலிவுத்தாள் தானாகவே பழுத்து நொறுங்கும். எண்ணூர்க் கடற்காற்றின் ஈரம் அதற்குக் கூடுதல் ஒத்தாசை. 1985-ல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய புத்தகக் கடைகளும் சாம்பலாயின. 1938-ல் பத்து சென்ட்டுக்கு விற்ற சூப்பர்மேனின் முதல் கதை இதழ், 2024-ல் 60 லட்சம் டாலருக்குப் போனதும் இப்படித்தான். இரண்டாம் உலகப் போர்க்காலப் பழைய தாள் வசூலில் அமெரிக்காவில் ஏராளமான காமிக்ஸ் கரைந்துபோயின.

‘மறுபதிப்புதான் வருகிறதே, பழசு எதற்கு?’ என்பீர்கள். கதைக்கு மறுபதிப்பு தாராளமாகப் போதும். தமிழுக்கு வந்த மாயாவியே மறுபதிப்புதான்; அவன் கை 1962-ல் ஆங்கில இதழில் இரும்பானதுதானே! ஆனால் அட்டைக்காக ஓவியர் தூரிகையால் தீட்டிய மூலப்படம் ஒன்றே ஒன்று. ஆகவே கதை வேண்டுமானால் புதிய பதிப்பை வாங்குங்கள். வட்டி வேண்டுமானால் வங்கிக்குப் போங்கள். செலவழித்தே தீருவேன் என்றால் மூல ஓவியத்தைத் தேடுங்கள். கிடைத்தால், தயவுசெய்து கடல் பக்க ஜன்னலோரம் மாட்டாதீர்கள்!